போலிக் கடிதத்தை அழித்துவிட்டால் மட்டும் போதுமா?

கடந்த ஆண்டு மார்கழி மாதத்தின் நடுப்பகுதியில் எனது மின்னஞ்சல் பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. இணையத்தில் பொருள் விற்கும் பெருங்கடையொன்றின் இலச்சினை அதன் தலைப்பில் இருந்தது. அண்மையில் நான் கேட்டிருந்த பொருளுக்கான கொடுப்பனவு ஏற்கப்படவில்லை என்றும், 24 மணித்தியாலங்களுக்குள் எனது கடனட்டை விபரங்களை உறுதிப்படுத்தாவிட்டால் கணக்கு இடைநிறுத்தப்படும் என்றும் அது கூறியது. கீழே மஞ்சள் நிறத்தில் ஒரு பொத்தான்.

நான் எந்தப் பொருளையும் கேட்டிருக்கவில்லை. அனுப்பியவரின் முகவரியைப் பார்த்தேன். கடையின் பெயர் அதில் இருந்தது. ஆனால் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவில்லை. சிரித்துக்கொண்டே கடிதத்தை அழித்தேன். "என்னட்டையே விடப் பாக்கிறாங்கள்" என்று மனைவியிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டதும் நினைவிலிருக்கிறது. அத்துடன் அந்த விடயத்தை மறந்துபோனேன்.

அதே வாரத்தில் அதே கடையின் பெயரில் ஸ்காபரோவில் வசிக்கும் என் அக்காவுக்கும் அத்தகைய கடிதமொன்று போயிருக்கிறது. எனக்கும் அவருக்கும் இடையில் ஒரேயொரு வித்தியாசம்தான். அவர் இரண்டு நாட்களுக்கு முன்னர் உண்மையாகவே அந்தக் கடையில் சோறு சமைக்கும் மின்பானை ஒன்றைக் கேட்டிருந்தார். ஆகவே கொடுப்பனவு ஏற்கப்படவில்லை என்பதை நம்புவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. பொத்தானை அழுத்தினார். கடையின் பக்கம் போலவே ஒரு பக்கம் திறந்தது. கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தார். அட்டை இலக்கத்தையும் அதன் பின்புறத்திலுள்ள மூன்று இலக்கங்களையும் கேட்டது, கொடுத்தார். சில வினாடிகளில் வங்கியிலிருந்து கையடக்கத் தொலைபேசிக்கு ஆறு இலக்கங்கள் கொண்ட குறுந்தகவல் வந்தது. பக்கம் அதையும் கேட்டது. கொடுத்தார். நன்றி தெரிவித்துவிட்டு, அந்தப் பக்கம் அவரை மெய்யான கடையின் முகப்புக்கே கொண்டுபோய் விட்டது. அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. மின்பானையும் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அட்டையில் 1,840 டொலர் போயிருந்தது மாதக் கணக்குத் தாள் வந்தபோதுதான் அவருக்குத் தெரியும். வங்கியைக் கேட்டபோது, அந்த ஆறு இலக்கங்களை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், ஆகவே நாங்கள் பொறுப்பில்லை என்றார்களாம். ஊரில் எங்கள் தாய் வீட்டின் கூரையைத் திருத்துவதற்கென எடுத்து வைத்திருந்த காசில் அந்தக் கடனைக் கட்டி முடித்தார். பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. கூரைக் காசு என்னவாயிற்று என்று நான் கேட்ட போதெல்லாம் ஒவ்வொரு சாட்டுச் சொன்னார். அக்காவின் கை இறுகிவிட்டது என்று நான் மனத்துக்குள் குறைபட்டுக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் கழித்து, வேறெதையோ பேசிக்கொண்டிருந்தபோதுதான் உண்மை வெளியே வந்தது.

"ஏனக்கா அப்பவே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"பத்து வருசம் கணக்குப் படிப்பிச்சனான். இதை ஆரிட்டையடா போய்ச் சொல்லுறது?" என்றார்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பதில்தான்.

இந்தக் களவுக்கு ஆங்கிலத்தில் பிஷிங் என்று பெயர். மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லின் தலையெழுத்தை மாற்றி எழுதுவார்கள். தொலைபேசிக் கம்பனிகளை ஏய்த்துக் காசின்றிப் பேசிய பழைய குறும்பர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரைப் பார்த்து வந்த எழுத்துக்கூட்டல் அது. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கா ஒன்லைன் நிறுவனத்தின் சந்தாதாரர்களிடம் கடவுச்சொற்களைப் பறித்தவர்களிடமிருந்து இச்சொல் பரவியது. தமிழில் சிலர் இதனைத் தூண்டில் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. தூண்டில்காரன் ஒரு மீனுக்காகக் காத்திருப்பவன். இதுவோ கரைவலை. யார் அகப்படுவார் என்று தெரியாமல் இலட்சக்கணக்கானோருக்கு ஒரே கடிதத்தை வீசி இழுக்கிறார்கள். இலட்சம் பேரில் அந்த வாரம் அந்தக் கடையில் பொருள் வாங்கியவர் சிலர் இருக்கத்தானே செய்வார்கள். என் அக்கா அவர்களில் ஒருவர். நான் தப்பியது என் கெட்டித்தனத்தினால் அல்ல, அந்த வாரம் நான் எதையும் வாங்காததினால் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

பத்திரிகைத் தொழிலில் மூன்று தசாப்தங்களைக் கழித்தவன் என்ற முறையில், போலிக் கடிதத்தைக் கண்டுபிடிப்பது எங்களுக்குக் கைவந்த கலை என்ற எண்ணம் எனக்கு நெடுங்காலம் இருந்தது. எழுத்துப்பிழையும் கொச்சையான ஆங்கிலமும்தான் களவின் அடையாளம் என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒப்புநோக்குநரின் கண் போதும் என்பது எனது கட்சி. அந்தக் கட்சி இன்று தோற்றுவிட்டது. செயற்கை நுண்ணறிவு கையில் கிடைத்த பின்னர் கள்ளர்கள் எழுதும் ஆங்கிலம் பல கம்பனிகளின் மெய்யான கடிதங்களைவிடத் திருத்தமாக இருக்கிறது. தமிழிலும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். பிழையில்லாத கடிதம் மெய்யான கடிதம் என்று எவரும் இனி நம்பக்கூடாது.

ஆனால் ஒப்புநோக்குநரின் கண்ணுக்கு வேறொரு வேலை மிச்சமிருக்கிறது. தமிழில் 'ர' என்ற எழுத்துக்கும் காலுக்கும் உள்ள வேறுபாடு பல எழுத்துருக்களில் தெரிவதில்லை. 'எ' என்ற எழுத்தும் ஏழு என்ற தமிழ் இலக்கமும் ஒன்று போலவே இருக்கும். ஒன்று என்ற தமிழ் இலக்கமோ 'க'வின் இரட்டைப் பிள்ளை. அச்சகத்தில் வேலை செய்தவர்களுக்கு இவை விளைத்த தொல்லை தெரியும். ஆங்கிலத்திலும் இதே தொல்லை உண்டு. பெரிய 'ஐ' எழுத்தும் சின்ன 'எல்' எழுத்தும் திரையில் ஒரே கோடு. 2000ஆம் ஆண்டிலேயே பேபால் நிறுவனத்தின் பெயரிலுள்ள கடைசி எழுத்தை இப்படி மாற்றி ஒரு போலித் தளத்தைப் பதிவு செய்து ஆட்களை அழைத்தார்கள். 'ஆர்', 'என்' என்ற இரண்டு சின்ன எழுத்துகளை நெருக்கி வைத்தால் 'எம்' போலத் தோன்றும். 2017இல் ஆய்வாளர் ஒருவர் ரஷ்ய எழுத்துகளைக் கொண்டே ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியைப் பதிவு செய்து காட்டினார். சில உலாவிகளில் மெய்யான முகவரிக்கும் அதற்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு எதுவுமே இருக்கவில்லை. கண்ணை மட்டும் நம்பியிருப்பவர்கள் இதனை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இணைய முகவரியை வாசிப்பதற்கு ஒரு முறை உண்டு. நாங்கள் தபால் உறையில் இலக்கம், வீதி, ஊர், மாவட்டம் என்று எழுதுகிறோம். தபால்காரர்கள் அதைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசிப்பார்கள். இணைய முகவரியும் அப்படித்தான். முதலாவது சாய்கோடு வரும் இடத்தில் நின்று, அங்கிருந்து இடப்பக்கமாக வாசிக்க வேண்டும். டொட் கொம் என்ற முடிவுக்குச் சரியாக முன்னால் நிற்கும் பெயர் எவருடையதோ அவரே அந்த இடத்தின் சொந்தக்காரர். அதற்கும் முன்னால் எதை எழுதுவதும் அவரது விருப்பம். 'அமேசன் டொட் கொம் டொட் ஓடர்செக் டொட் கொம்' என்று ஒரு முகவரி இருந்தால் அது அமேசனுக்கு உரியதன்று. ஓடர்செக் என்ற பெயரைப் பதிவு செய்தவருக்கு உரியது. வீட்டு வாசலில் ஆளுநர் மாளிகை என்று பலகை மாட்டினால் அங்கே ஆளுநர் குடியிருக்கிறார் என்றாகிவிடுமா? பிரித்தானியாவின் டொட் கோ டொட் யூகே போன்ற இரண்டு துண்டு முடிவுகளில் அந்த இரண்டையும் கழித்துவிட்டு அதற்கு முன்னால் உள்ள பெயரைப் பார்க்க வேண்டும்.

பூட்டு அடையாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் எல்லாரும் எழுதினோம். நானும் எழுதினேன். அந்தப் பூட்டு, கடிதம் வழியில் பிரிக்கப்படாது என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். கடிதத்தைப் பெறுபவன் கள்ளனா கடைக்காரனா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. போலித் தளங்களுக்கும் அந்தப் பூட்டு இலவசமாகக் கிடைக்கிறது. இந்த மயக்கம் நீடித்ததாலேயே குரோம் உலாவி 2023இல் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

அனுப்பியவரின் பெயரோ உறையின் பின்புறத்தில் எழுதப்படும் முகவரிக்குச் சமன். எவரும் எதையும் எழுதலாம். மின்னஞ்சல் எப்படிப் பயணிக்க வேண்டும் என்ற விதிகள் 1982இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புபவர் உண்மையில் அவர்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இருக்கவில்லை. ஒருவரையொருவர் அறிந்த சில ஆய்வாளர்களின் உலகம் அது. பிற்காலத்தில் சோதனைகளை ஒட்டுப்போட்டுச் சேர்த்தார்கள். 2024 பெப்ரவரியிலிருந்து கூகிளும் யாகூவும் மொத்தமாகக் கடிதம் அனுப்புவோர் அந்தச் சோதனைகளுக்கு உட்பட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியுள்ளன. நல்ல காரியம். ஆனால் தனக்கென்று ஒரு ஏமாற்றுப் பெயரை முறைப்படி பதிவு செய்துகொண்ட கள்ளன் அந்தச் சோதனைகள் அனைத்திலும் சித்தியடைந்துவிடுவான்.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? இதற்கு விடை கணினி நிபுணர்களிடம் எனக்குக் கிடைக்கவில்லை. பழைய மரண அறிவித்தல் மேசையில் கிடைத்தது. 1990களில் நான் பணியாற்றிய நாளேடொன்றில் தொலைபேசி வழியாகவும் மரண அறிவித்தல்கள் வரும். ஒருமுறை ஒருவர் தன் அயலவரோடு இருந்த காணிப் பகையைத் தீர்ப்பதற்கு, அந்த அயலவர் காலமாகிவிட்டார் என்று அறிவித்தல் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் காலமானவர் வெள்ளை வேட்டியோடு அலுவலக வாசலில் வந்து நின்றார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் செய்தி ஆசிரியருக்கு உயிர் போய் வந்தது. அன்றிலிருந்து ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. அறிவித்தல் தருபவர் சொல்லும் தொலைபேசி இலக்கத்துக்கு நாம் பேசக்கூடாது. தொலைபேசி விபரக்கொத்தில் அந்தக் குடும்பத்தின் இலக்கத்தையோ, ஊரின் கிராம சேவையாளரின் இலக்கத்தையோ நாமே தேடியெடுத்துப் பேசவேண்டும். செய்தி கொண்டுவந்தவனிடமே அச்செய்தி உண்மையா என்று கேட்பதில் பயனில்லை.

கடையின் பெயரில் வரும் கடிதத்துக்கும் இந்த விதி அப்படியே பொருந்துகிறது. கடிதத்திலுள்ள பொத்தானையும் தொலைபேசி இலக்கத்தையும் தொடவேண்டாம். இப்போது கட்டங்கட்டமாக ஒரு கறுப்புப் படத்தை வைத்துக் கமெராவைக் காட்டச் சொல்கிறார்களே, அதுவும் பொத்தான்தான். கடிதத்தை மூடிவிட்டு, கடையின் முகவரியை நீங்களே உலாவியில் எழுதியோ கடையின் செயலியைத் திறந்தோ உள்ளே போய்ப் பாருங்கள். அமேசன் தனது வாடிக்கையாளருக்கு அனுப்பிய கடிதங்களை அவரது கணக்கினுள்ளே செய்தி மையம் என்ற பகுதியில் வைத்திருக்கிறது. ஈபேயிலும் செய்திப் பெட்டி உண்டு. அங்கே இல்லாத அவசரம் கடிதத்தில் மட்டும் இருந்தால் அது களவென்றே கொள்ளலாம். கடவுச்சொற்களை நினைவில் வைத்திருக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு காவல் உண்டு. அது கண்ணால் அல்ல, முகவரியால் கடையை அடையாளம் காண்கிறது. போலிப் பக்கத்தில் அது கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. வழக்கமாக நிரம்பும் இடம் வெறுமையாக நின்றால் அங்கேயே நீங்களும் நிற்க வேண்டும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, எல்லாப் பழியையும் வாசகர் தலையில் கட்டிவிட எனக்கு விருப்பமில்லை. பொத்தானை அழுத்துங்கள் என்று எங்களைப் பழக்கியவர்கள் இந்தக் கம்பனிகள்தானே. விலைக்கழிவு என்றும், பொதி எங்கே நிற்கிறது என்று பாருங்கள் என்றும் நாளுக்கு நான்கு கடிதம் அனுப்புகிறார்கள். அவற்றிலுள்ள இணைப்புகளோ விளம்பர நிறுவனங்களின் ஊர்பேர் தெரியாத முகவரிகள் வழியாகச் சுற்றிக்கொண்டு போகின்றன. நான் மேலே சொன்ன முறைப்படி வாசித்தால் மெய்யான கடிதங்களிலும் பாதி போலியாகவே தெரியும். மக்களை ஆண்டு முழுவதும் இருட்டில் நடக்கப் பழக்கிவிட்டு, குழிக்குள் விழுந்தபின் ஏன் பார்த்து நடக்கவில்லை என்று கேட்பது நியாயமா? வங்கிகளும் அப்படியே. 64 வயதில், தன் தாய்மொழியல்லாத மொழியில், தன் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் சின்னத் திரையொன்றில் நடத்தும்படி ஒரு பெண்ணை நிர்ப்பந்தித்துவிட்டு, ஆறு இலக்கங்களை நீங்களே கொடுத்தீர்கள் என்று கையை விரிக்கிறார்கள்.

ஆனால் எங்கள் பங்குக்கும் ஒரு குறை இருக்கிறது. அதுதான் அக்கா சொன்ன வெட்கம். எங்கள் சமூகத்தில் களவு கொடுத்தவன்தான் தலைகுனிகிறான். 'படிச்ச மனுசி இப்படி விடலாமோ' என்ற அந்த ஒரு வசனத்துக்குப் பயந்து எத்தனையோ பேர் வாய் திறப்பதில்லை. வாய் திறக்காதபடியால் அடுத்த வீட்டுக்காரரும் அதே கடிதத்தைத் திறக்கிறார். ஏமாறியவர்கள் வெட்கத்தினால் பேசுவதில்லை. ஏமாறாதவர்கள், என்னைப் போல, பெருமையோடு அழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டாலும் இலாபம் கள்ளனுக்கே.

முறைப்பாடு செய்து என்ன காணப்போகிறோம் என்று கேட்போருக்கு ஒன்று சொல்லலாம். கள்ளன் பிடிபடுவது அபூர்வம்தான். அவன் வேறெங்கோ ஒரு நாட்டில் இருப்பான். ஆனால் அவனது பக்கம் மூடப்படுவது அபூர்வமன்று. போலிப் பக்கமொன்றின் ஆயுள் பெரும்பாலும் சில மணித்தியாலங்கள் அல்லது சில நாட்கள். முறைப்பாடு கிடைத்ததும் அந்த முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறுகிறது. அதன்பின் அதைத் திறக்கப் போகிறவருக்கு குரோம், பயர்பொக்ஸ் போன்ற உலாவிகள் சிவப்புத் திரையைக் காட்டி மறிக்கின்றன. காலையில் ஒருவர் செய்யும் முறைப்பாடு மாலையில் இன்னொருவரின் காசைக் காப்பாற்றும். நான் அன்று முறைப்பாடு செய்திருந்தால் அக்காவின் காசு தப்பியிருக்குமா? இரண்டும் ஒரே கள்ளனின் கடிதங்கள்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. என்னுடையதை நான் அழித்துவிட்டேனே.

செய்யவேண்டியது சிறிய வேலை. ஜிமெயிலில் கடிதத்தின் வலது மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் பிஷிங் என்று முறையிடும் வசதி அங்கேயே இருக்கிறது. குப்பையென்று தள்ளிவிடுவதும் இதுவும் ஒன்றல்ல. பெயர் கெடுக்கப்பட்ட கடைக்கும் அனுப்பலாம். அமேசன், ஈபே இரண்டும் இதற்கெனத் தனி முகவரிகளை வைத்திருக்கின்றன. கடையின் உதவிப் பக்கத்தில் அவை கிடைக்கும். அனுப்பும்போது கடிதத்தை இணைப்பாக அனுப்புவது மேல். அப்போதுதான் அது வந்த வழியைக் காட்டும் தலைவரிகள் தபால் முத்திரைகள் போல அழியாமல் போய்ச் சேரும். பிரித்தானியாவில் இருப்போருக்கு, சந்தேகக் கடிதங்களைப் பெற்றுக்கொள்ளவென்றே அரசின் தேசிய இணையப் பாதுகாப்பு நிலையம் 2020இல் ஒரு மின்னஞ்சல் முகவரியைத் திறந்தது. குறுந்தகவலாக வந்தால் 7726 என்ற இலக்கத்துக்கு அனுப்பலாம். பழைய தொலைபேசி விசைகளில் ஸ்பாம் என்று எழுதினால் வரும் இலக்கம் அது. கனடாவிலும் அதே இலக்கம் செல்லும். காசை இழந்தவர்கள் கனேடிய மோசடித் தடுப்பு நிலையத்திலும் பொலிஸிலும் பதிய வேண்டும். அவுஸ்திரேலியர்களுக்கு ஸ்காம்வொட்ச், அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணைக்குழு.

இலங்கையில் இருப்பவர்கள் இது வெளிநாட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். பொதி வந்திருக்கிறது, முகவரி பிழை, சிறு தொகை கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுந்தகவல்களை எனது அயலவர்களே காட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பொதி அனுப்பும் வீடுகள் நிறைந்த ஊர்களில் இந்த வலையில் மீன் படாமலா போகும்? இங்கே 2006இல் தொடங்கப்பட்ட இலங்கை சேர்ட் என்ற கணினி அவசர உதவி அமைப்பு முறைப்பாடுகளை ஏற்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கிறது. காசு போயிருந்தால் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவு.

ஏற்கனவே விபரங்களைக் கொடுத்துவிட்டவர்கள் இந்த ஒழுங்கை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் வங்கிக்குப் பேசவேண்டும். அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள இலக்கத்துக்கு. இரவு இரண்டு மணியானாலும் சரி. பிறகு கடவுச்சொல். அதே கடவுச்சொல்லை வேறெங்கெல்லாம் பயன்படுத்தினீர்களோ அங்கெல்லாம். அக்கா அன்றிரவே பேசியிருந்தால் முழுத் தொகையும் போயிராது என்று வங்கியிலேயே பின்னர் சொன்னார்களாம். அவருக்குத் தெரியவந்ததே மாதம் முடிந்த பிறகுதான் என்பது வேறு கதை.

கூரை வேலை சென்ற மாதம் தொடங்கிவிட்டது. காசைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. இப்போது சந்தேகப்படும் கடிதம் எதைக் கண்டாலும் அக்கா எனக்கு அனுப்பிவைக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமையும் ஒன்று வந்தது. "தம்பி, இது கள்ளன்தானே?" என்று மேலே எழுதியிருந்தார். ஒரு பொதி நிறுவனத்தின் கடிதம். அவசரம் இருந்தது, மஞ்சள் பொத்தான் இருந்தது, இணைப்போ பெயர் விளங்காத ஒரு முகவரிக்குப் போயிற்று. கள்ளன்தான் என்று பதில் எழுதப்போனவன், எதற்கும் அந்த நிறுவனத்தின் தளத்துக்குள் நேரே போய்ப் பொதி இலக்கத்தைப் போட்டுப் பார்க்கும்படி அவருக்குச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. பேரப்பிள்ளைக்கு வாங்கிய சப்பாத்து. கடிதம் உண்மையானது.